அமெரிக்காவின் மேய்ன் கடலில் பாய்மரக் கப்பல் விடுமுறை: முதல்முறை போகிறவர்களுக்கு

பாய்மரக் கப்பலில் விடுமுறைக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தெந்த ஊருக்குப் போகும்?" என்பதைத்தான். பெரிய சொகுசுக் கப்பல்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. பாய்மரக் கப்பலுக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் விடுமுறையில் எவ்வளவு பங்கைக் காற்றிடம் விட்டுவிடத் தயாராக இருக்கிறீர்கள்? இதற்கு உண்மையாகப் பதில் சொல்லிக்கொண்டால் எந்தக் கப்பல், எந்த மாதம், யாரைக் கூட்டிப்போவது, பையில் என்ன வைப்பது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகிவிடும்.

எந்த வகைக் கப்பல்

காற்றுக்கு மிகக் குறைவாக இடம் கொடுப்பவை பெரிய நவீனக் கப்பல்கள். விண்ட்ஸ்டார் நிறுவனத்தின் விண்ட் சர்ஃப் அப்படிப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட பயணிகள் போகலாம், லிஃப்ட் உண்டு, பாய்களைக் கணினியே விரித்துச் சுருட்டும். சொன்ன நாளில் சொன்ன துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. காற்று ஒத்துவராவிட்டால் எஞ்சின் இருக்கிறது. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு.

அதற்கு அடுத்த படியில் ஸ்டார் கிளிப்பர்ஸ் கப்பல்கள். 2000ஆம் ஆண்டில் வந்த ராயல் கிளிப்பருக்கு ஐந்து பாய்மரங்கள், 42 பாய்கள், 227 பயணிகள். 1902ல் ஜெர்மனியில் கட்டப்பட்ட ப்ராய்சென் என்ற ஐந்து பாய்மரச் சரக்குக் கப்பலை மனதில் வைத்து உருவாக்கியது. குளிர்காலத்தில் கரீபியனிலும் கோடையில் மத்தியதரைக் கடலிலும் ஓடுகிறது. ஏசி அறை, அறையோடு குளியலறை எல்லாம் உண்டு. ஆனால் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுகள்தான். இதே வரிசையில் சீ கிளவுட் என்ற கப்பலையும் சொல்ல வேண்டும். 1931ல் கீல் நகரில் கட்டியது. இன்றும் மாலுமிகள் பாய்மரத்தில் ஏறித்தான் பாய்களை அவிழ்க்கிறார்கள். கட்டணமும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும்.

இந்தக் கப்பல்களில் இந்திய பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள் விசாவைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கிரீஸில் ஏறி, துருக்கித் துறைமுகம் ஒன்றில் நின்று, மறுபடி கிரீஸுக்கு வரும் பயணம் என்றால் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது. பலமுறை நுழையும் விசா வேண்டும்; துருக்கிக்குத் தனி அனுமதி வேண்டுமா என்றும் விசாரிக்க வேண்டும். கரீபியனில் தீவுக்குத் தீவு விதி மாறும். இப்படி ஒவ்வொரு துறைமுகத்துக்கும் எழுதிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது வகை சின்ன ஸ்கூனர்கள், அதாவது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் விரிகுடாவில், ராக்லாண்ட், கேம்டன் என்ற இரண்டு சிற்றூர்களிலிருந்து கிளம்புகின்றன. ஒரு கப்பலுக்கு இருபது முதல் முப்பது பயணிகள். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாள் பயணம். இன்ன நாளில் இன்ன ஊர் என்று இங்கே எழுதிவைப்பதில்லை. காலையில் காற்றையும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து கேப்டன் போகும் திசையை முடிவு செய்வார். சாயங்காலம் எந்தத் தீவின் மறைவு வசதியோ அங்கே நங்கூரம்.

காற்றுக்கு முழுதாக இடம் கொடுப்பது இந்த மூன்றாவது வகைதான். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். கேட்கும்போது பயமாக இருக்கும். உண்மையில் இதுதான் எளிது. தீவுகள் அலையைத் தடுத்துவிடுவதால் விரிகுடாவுக்குள் கடல் பெரும்பாலும் சாது. இரவில் கப்பல் ஓடாது, எனவே தூக்கம் கெடாது. ஒரே மாநிலத்தின் கடலுக்குள் சுற்றுவதால், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கும் அமெரிக்க விசாவில் வந்திருக்கிறவர்களுக்கும் வேறு எந்த நாட்டின் அனுமதியும் தேவையில்லை. மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டுப் பிடித்தால் பெரிய கப்பலுக்குப் போகலாம். இனி எழுதுவது எல்லாம் இந்த மேய்ன் ஸ்கூனர்களைப் பற்றியே.

கப்பலின் பழைய வேலையைக் கேளுங்கள்

இந்தக் கப்பல்களில் பல, ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையின் லாரிகளாக இருந்தவை. ராக்லாண்டிலிருந்து சுண்ணாம்பும், வைனல்ஹேவன், ஸ்டோனிங்டன் பக்கத்திலிருந்து கருங்கல்லும், காட்டு மரமும் இவற்றில்தான் நியூயார்க், பாஸ்டன் போயின. ரயிலும் சாலையும் வந்த பிறகு வேலை போய், கப்பல்கள் கரையோரம் சும்மா கிடந்தன. 1936ல் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்பவர் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நகரத்து மனிதர்களை விடுமுறைக்கு ஏற்றிக்கொண்டு போனார். அங்கே தொடங்கியது இந்தத் தொழில்.

இந்த வரலாறு உங்கள் அறையின் அளவைத் தீர்மானிக்கிறது. சுண்ணாம்பு அடுக்கிய கிடங்குதான் இன்று நீங்கள் தூங்கும் இடம். லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச், ஸ்டீஃபன் டேபர் இரண்டும் 1871ல் கட்டியவை; ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் ஓடுகின்றன. ஜே. அண்ட் ஈ. ரிகின் 1927ல் நியூஜெர்சியில் சிப்பி எடுக்கக் கட்டியது. அமெரிக்கன் ஈகிள் 1930ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் மீன்பிடிக்கக் கட்டியது. (நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல், 1938ல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து சேர்ந்தது இதே குளோஸ்டர் துறைமுகத்துக்குத்தான். அதை ஓட்டிவந்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள்.)

பழமையைவிட வசதி முக்கியம் என்றால் பயணிகளுக்காகவே கட்டிய கப்பலைப் பாருங்கள். 1962ல் வந்த மேரி டே, 1980ன் ஆஞ்சலீக், 1983ன் ஹெரிட்டேஜ் ஆகியவை அப்படிப்பட்டவை. தலை நிமிர்ந்து நிற்க இவற்றில் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச், மேரி டே போன்றவற்றில் கப்பலுக்குள் எஞ்சினே கிடையாது. காற்று சுத்தமாக நின்றுவிட்டால், கூடவே வரும் ஒரு சின்ன மோட்டார் படகைப் பின்பக்கம் கட்டி அதை வைத்துத் தள்ளுவார்கள். அமெரிக்கன் ஈகிளிலும் ஆஞ்சலீக்கிலும் எஞ்சின் உண்டு, அதனால் கொஞ்சம் தூரமாகவும் போக முடியும். எஞ்சின் இல்லாத கப்பலில் காற்று விழுந்த மதியம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் சீல் என்னும் கடல்நாய் தலை தூக்கிப் பார்க்கும், சமையல்கட்டிலிருந்து ரொட்டி வாசனை வரும். அது உங்களுக்குச் சந்தோஷமா, பொறுமைச் சோதனையா? பணம் கட்டுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

மின்னஞ்சலைவிடத் தொலைபேசி நல்லது. பல கப்பல்களில் கேப்டனும் குடும்பத்தாருமேதான் உரிமையாளர்கள். குளிர்காலத்தில் அழைத்தால் நிதானமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சிலேயே அவர்கள் எப்படிப்பட்ட மனிதர்கள் என்று பாதி தெரிந்துவிடும். நான்கைந்து நாள் அவர்களோடுதான் இருக்கப்போகிறீர்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கழிப்பறை எத்தனை, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான ஸ்கூனர்களில் பொதுக் கழிப்பறைதான். சிலவற்றில் மேல்தளத்தில் இருக்கும், நடு இரவில் ஏணி ஏறிப் போக வேண்டும். வெந்நீர்க் குளியல் உண்டா, அறையில் போன் சார்ஜ் செய்ய முடியுமா, கட்டில் இருவர் படுக்கும் அளவா அல்லது மேலும் கீழுமாக இரண்டா, குறைந்தபட்ச வயது என்ன என்பவை அடுத்தவை. குழந்தைகளுக்கான வயது வரம்பு கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது. சில கப்பல்கள் சின்னப் பிள்ளைகளை ஏற்றுவதே இல்லை. சிலர் குடும்பங்களுக்கென்றே தனி வாரம் ஒதுக்குகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். 2023 அக்டோபரில் ராக்லாண்டுக்கு அருகே ஒரு பழைய ஸ்கூனரின் பாய்மரம் முறிந்து தளத்தில் விழுந்து ஒரு பயணி இறந்தார், சிலர் காயப்பட்டார்கள். மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது, வெளியில் தெரியவில்லை. இந்தக் கப்பல்கள் எல்லாம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆய்வுக்கு உட்பட்டவைதான். இருந்தாலும் "பாய்மரங்களைக் கடைசியாக எப்போது, எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல கேப்டன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மரத்தின் வயது, எந்த வருடம் இறக்கிப் பார்த்தோம் என்று விவரமாகவே சொல்வார். மழுப்பினால் வேறு கப்பலைப் பாருங்கள்.

பெற்றோரைக் கூட்டிப்போகலாமா

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் காட்டலாமே என்று பலருக்குத் தோன்றும். இதில் வயதைவிட முழங்கால்தான் முக்கியம். அறைக்கு இறங்குவது படிக்கட்டு இல்லை, ஏறக்குறைய செங்குத்தான ஏணி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஏறி இறங்க வேண்டியிருக்கும். தீவில் இறங்க வேண்டுமென்றால் கப்பலின் பக்கவாட்டில் ஏணி வழியாக ஆடும் படகுக்குள் கால் வைக்க வேண்டும். இந்த விரிகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே மூன்று மீட்டர் அளவு வித்தியாசம் இருப்பதால், வற்று நேரத்தில் கரையிறங்கினால் பாசி பிடித்த பாறைமேல் நடக்க வேண்டி வரும். எழுபது வயதில் தினமும் நடந்து பழகியவர் உற்சாகமாகச் சமாளிப்பார். ஐம்பத்தைந்து வயதில் முட்டி தேய்ந்தவருக்கு நரகம்.

மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால், ராக்லாண்டிலோ கேம்டனிலோ தங்கி, இரண்டு மணி நேரம் மட்டும் சுற்றிவிட்டுக் கரைக்கு வரும் பகல்நேர ஸ்கூனர்களில் கூட்டிப்போங்கள். பாய் ஏறுவதையும் கலங்கரை விளக்கத்தையும் அதிலேயே பார்த்துவிடலாம்.

எந்த மாதம்

மே கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை பருவம். ஜூனில் பகல் நீளம், கூட்டம் குறைவு, கட்டணமும் சில கப்பல்களில் சற்றுக் குறைவு. ஆனால் குளிரும் மூடுபனியும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று ஒழுங்காக வீசும். ஜூலையில் ஸ்கூனர்கள் எல்லாம் சேர்ந்து ஓடும் பந்தயம் நடக்கிறது. அந்த வாரம் வேண்டுமென்றால் மிக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி ராக்லாண்டில் சிங்கி இறால் திருவிழா, அப்போது ஊருக்குள் தங்க அறை கிடைப்பது கஷ்டம்.

என் ஓட்டு செப்டம்பருக்கு. மூடுபனி குறைந்து வானம் தெளிந்திருக்கும், காற்று நன்றாக இருக்கும், பள்ளி திறந்துவிட்டதால் கூட்டமும் இருக்காது. மாதக் கடைசியில் கரையோர மரங்கள் நிறம் மாறத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஆகஸ்ட்தான் வழி.

பணம்

கப்பலுக்குக் கப்பல் நிறைய வேறுபடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலருக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு முழுவதும் அதில் அடக்கம். தனி ஆளாகப் போனால், முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதம் என்றால் கூடுதல் கட்டணம் மிச்சம். இறங்கும்போது ஊழியர்களுக்கு அன்பளிப்பு தருவது வழக்கம், கட்டணத்தில் பத்து முதல் இருபது சதவீதம் வரை ஒதுக்கிவையுங்கள். அந்த மாலுமிகளும் சமையல்காரரும் விடியற்காலையிலிருந்து இரவு வரை உழைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அது பெரிதாகத் தோன்றாது.

ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முழுதாகப் படித்துவிடுங்கள். வானிலை மோசமென்றால் பயணம் ரத்தாகும் என்று நினைக்காதீர்கள். கப்பல் ஒரு மறைவான இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும்; நீங்கள் உள்ளே உட்கார்ந்து சீட்டு விளையாடுவீர்கள். அதற்குப் பணம் திரும்பாது. இந்தியாவிலிருந்து வந்திருக்கிறவர்கள் மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஏறவே கூடாது. தீவிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவருவது அமெரிக்காவில் பெரும் செலவு.

போய்ச் சேருவது

போர்ட்லாண்ட் விமான நிலையத்திலிருந்து ராக்லாண்டுக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாஸ்டனிலிருந்து நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கோடை வெள்ளிக்கிழமைகளில் முதலாம் எண் சாலையில் விஸ்காசெட் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கார் இல்லாதவர்களுக்கு கான்கார்ட் கோச் பேருந்து பாஸ்டனிலிருந்து ராக்லாண்டுக்கும் கேம்டன் பக்கத்துக்கும் போகிறது.

பெரும்பாலும் முதல் நாள் மாலையே கப்பலில் ஏறிப் படுத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் காலைதான் கிளம்பும். அந்த முதல் இரவுக்குச் சாப்பாடு கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊருக்குள் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

பையில் என்ன

பை துணிப் பையாக இருக்க வேண்டும், மடக்கக்கூடியதாக. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை உள்ளே வைக்க இடமே இருக்காது. ரயிலில் இரண்டு பெர்த்தும் ஒரு சின்னக் கழுவுதொட்டியும் மட்டும் வைத்து ஒரு கதவு போட்டால் எப்படியோ, அறை அப்படித்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நின்று உடை மாற்ற முடியாது.

ஆகஸ்ட் மாதம்தானே என்று பருத்திச் சட்டைகளாக எடுத்துப்போனால் நடுங்குவீர்கள். கடல்நீர் கோடையிலேயே 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும், அதன்மேல் வரும் காற்றும் குளிர்ந்துதான் வரும். கம்பளி அல்லது ஃப்ளீஸ் சட்டை இரண்டு, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கூடவே மழைக்கான கால்சட்டையும். ஈரமான ஜீன்ஸ் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். அதை வீட்டில் விட்டுவிடுங்கள். கம்பளிக் குல்லாய், காலுறை நிறைய. மென்மையான, வழுக்காத, தளத்தில் கறை விடாத அடிப்பாகம் கொண்ட காலணி ஒன்று. தீவில் நடக்க இன்னொன்று. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கடலில் விழுந்த கண்ணாடிக்காகக் கப்பலைத் திருப்ப மாட்டார்கள்.

நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று கட்டாயம். போனுக்கு பவர் பேங்க். காதுக்குள் வைக்கும் பஞ்சு அல்லது அடைப்பான் வேண்டும், ஏனென்றால் அறைச்சுவர்கள் மெல்லிய பலகைகள், பக்கத்து அறைக்காரர் குறட்டை உங்கள் அறையிலேயே கேட்கும். கழிப்பறையில் தண்ணீர் பயன்படுத்திப் பழகியவர்கள் பீய்ச்சும் வாய் உள்ள சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துப்போங்கள், நிம்மதியாக இருக்கும். குடிநீர் தொட்டி அளவுக்குத்தான் உண்டு. குளியல் என்றால் நனைத்து, குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசுவதுதான்.

சாப்பாடு

இந்தப் பயணத்தின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று சாப்பாடு. பல கப்பல்களில் இன்றும் விறகடுப்புதான். சமையல்காரர் இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டிவிடுவார். காலையில் புளூபெர்ரி போட்ட பான்கேக், மதியம் மீனோ சிப்பியோ உருளைக்கிழங்கோடு போட்ட பால் சூப், மூன்று வேளையும் புதிதாகச் சுட்ட ரொட்டி. ஏறக்குறைய எல்லாப் பயணத்திலும் ஒரு மாலை ஆளில்லாத தீவில் இறங்கி, கடற்கரையில் தீ மூட்டி, பெரிய பாத்திரத்தில் கடற்பாசி போட்டு சிங்கி இறாலை ஆவியில் வேகவைத்துத் தருவார்கள். போதும் போதும் என்னும் வரை தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் ஏறிய பிறகு சொல்வது பயன்படாது. பதிவு செய்யும்போதே எழுத வேண்டும். "சைவம்" என்று மட்டும் எழுதினால் அவர்கள் மீனைச் சேர்த்துவிடக் கூடும். மீன், முட்டை, கோழிச் சாறு எதெல்லாம் கூடாது, பால், தயிர், சீஸ் சேரும் என்று தனித்தனியாக எழுதுங்கள். காரம் சுத்தமாக இருக்காது. பருப்புப்பொடி, ஊறுகாய், மிளகாய்ப்பொடி சின்ன டப்பாவில் எடுத்துப்போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் கேட்பார். கரண்ட் குக்கர், கெட்டில் எல்லாம் வேண்டாம். கப்பலின் மின்சாரம் அதற்குத் தாங்காது.

குமட்டல்

விரிகுடாவுக்குள் பெரும்பாலோருக்கு வருவதில்லை. வருமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள், வந்த பிறகு மாத்திரை போட்டுப் பலனில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். அமெரிக்க மருந்துக்கடைகளில் மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் இரண்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும். இரண்டுமே தூக்கம் வரவைக்கும். ஊரில் பஸ் பயணத்துக்குப் போடும் சின்னாரிசின் அமெரிக்காவில் விற்பனையில் இல்லை, பழக்கப்பட்டவர்கள் வரும்போதே கொண்டுவர வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமைன் பட்டைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது.

லேசாகத் தலை சுற்ற ஆரம்பித்தால் அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அது. மேல்தளத்தில் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து, தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். கேப்டனிடம் சொன்னால் சுக்கானைக் கையில் கொடுப்பார். கப்பலை ஓட்டுகிறவருக்குக் குமட்டல் சீக்கிரம் அடங்கும்.

ஏறிய பிறகு

முதல் காலை ஒரு மாலுமி பாதுகாப்பு விதிகளைச் சொல்வார். உயிர்காப்பு அங்கி எங்கே, அவசர மணி எப்படி அடிக்கும் என்பதோடு சிலவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஏணியில் எப்போதும் ஏணியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். பாயின் அடிப்பக்கம் இருக்கும் நீளமான கழி, திசை மாறும்போது தளத்தைக் கடந்து வீசிக்கொண்டு வரும். "குனியுங்கள்" என்று கேட்டவுடன் யோசிக்காமல் குனிய வேண்டும். தளத்தில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது, இழுக்கும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. பிள்ளைகளுக்கு மேல்தளத்தில் உயிர்காப்பு அங்கி கழற்றவே வேண்டாம்.

அப்புறம் வேலை. வேலை செய்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனால் செய்யுங்கள். பாய் ஏற்றும்போது அதை மேலே இழுக்கும் ஆஞ்சான் கயிற்றை இரண்டு பக்கமும் வரிசையாக நின்று பிடிக்க ஆட்கள் வேண்டும். இரண்டு வரிசையும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் பாயின் மேற்கழி சாயாமல் ஏறும். அந்தப் பெரிய துணி நடுங்கி, உதறி, காற்றை வாங்கி நிறைந்து, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சத்தமில்லாமல் நகரத் தொடங்கும்போது, உங்கள் கையின் பலமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று தெரியும். எந்த சொகுசுக் கப்பலிலும் இது கிடைக்காது. பத்து வயதுப் பெண்ணும் அறுபது வயதுப் பெரியவரும் ஒரே கயிற்றில் நிற்பதை இங்கே பார்க்கலாம். நங்கூரம் தூக்குவது, உருளைக்கிழங்கு தோல் சீவுவது, பாத்திரம் துடைப்பது எல்லாவற்றுக்கும் கை கொடுங்கள். மாலுமிகளோடு நட்பாவதற்கு அதுதான் வழி, கேட்டால் முடிச்சுப் போடவும் சொல்லித்தருவார்கள்.

ஓடும்போது கடலின் மேல் வண்ண வண்ணமாக மிதவைகள் தெரியும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிங்கி இறால் கூண்டு. ஒவ்வொரு மீனவருக்கும் தனி நிறம். கடல்பன்றியும் சீலும் அடிக்கடி தெரியும், கழுகு தேடினால் தெரியும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி இருப்பவர் முகம்கூட மங்கும். கேப்டனிடம் ராடார் இருக்கும், அவர் கவனத்தைக் கலைக்காமல் அமைதியாக இருங்கள், வெளியே மற்றப் படகுகளின் சத்தம் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

நங்கூரமிட்ட பிறகு கப்பலிலிருந்து கடலில் குதித்து நீந்தலாம். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சுத் திணறும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும்தான். ஏணி வழியாக மெல்ல இறங்கி, மூச்சு சீரானதும் கையை விடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

இறங்கும் நாள்

கடைசி நாள் காலையில், பெரும்பாலும் மதியத்துக்கு முன்பே, கப்பல் துறைக்குத் திரும்பிவிடும். ஆனால் காற்றை நம்பி ஓடுகிற கப்பல் மணி பார்த்து வராது. அன்று மதியம் போர்ட்லாண்டிலிருந்து விமானம் என்று போடாதீர்கள். மாலைக்கு மேல் போடுங்கள், பாஸ்டன் என்றால் மறுநாள் போடுவது இன்னும் நல்லது. கரையில் கால் வைத்த பிறகும் சில மணி நேரம் தரை ஆடுவதுபோல் இருக்கும். அது தானாகவே போய்விடும், ஆனால் போகும் வரை கார் ஓட்ட வேண்டாம். ராக்லாண்ட் துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் ஏறக்குறைய ஒரு மைல் நீளம் போகிறது, முனையில் கலங்கரை விளக்கம். தலை நின்றதும் அதன்மேல் நடந்து போய்வரலாம். கருங்கற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, மழை பெய்திருந்தால் வழுக்கும்.